சிவப்பிலிருந்து தொடங்கும் கடல்

கடற்கரைப் படம் வரையச் சொன்னால் மேலே நீல வானம், நடுவில் அதைவிட அழுத்தமான நீலத்தில் கடல், கீழே மஞ்சள் மணல், ஓரத்தில் சாய்ந்த ஒரு தென்னை என்று கை தானாகப் போகும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் பழகிய கை அது. திருச்செந்தூரில் தொடங்கி மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, முட்டம் வழியாக மணவாளக்குறிச்சி வரை நீளும் கரையில் அந்தப் பழக்கம் செல்லாது. இங்கே தென்னைக்கு முன்னால் பனை வரும். நீலத்துக்கு முன்னால் சிவப்பு வரும். மணல் சில இடங்களில் மஞ்சள்தான். சில இடங்களில் செங்கல் நிறம். இன்னும் சில இடங்களில் மினுங்கும் கறுப்பு.

மாசிக் கடைசியில், அக்ரிலிக் டியூப்களும் ஜெஸ்ஸோ என்னும் அடிப்பூச்சு பூசிய தடித்த தாள்களும் அடங்கிய பையோடு, பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலுமாக அந்தக் கரைவழியே போனேன். வாடை ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் பிடிக்காத காலம். கடல் அடங்கிக் கிடக்கும். ஆடியில் போனால் ஸ்டாண்டும் நிற்காது, தாளும் நிற்காது.

அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் பஸ்தான். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். ஈரப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உவரி பஸ்ஸில் ஏற முடியாது. நீர்வண்ணம் சீக்கிரம் காயும். ஆனால் அதில் அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏறாது. அலைநுரைக்கு வேண்டிய வெள்ளையைத் தாளிலேயே முன்கூட்டி ஒதுக்கிவைத்துவிட வேண்டும். அக்ரிலிக்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களோடு நிறப்பொடியைக் கலந்து செய்தது அது. நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அதன்பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷனும் இந்த வகைதான்.

1950-களில் அமெரிக்காவில் நீரில் கரைக்கும் அக்ரிலிக் ஓவியர்களுக்கென்று விற்பனைக்கு வந்தது. டேவிட் ஹாக்னி 1967-இல் கலிஃபோர்னியா நீச்சல்குளம் ஒன்றை வரைந்த ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ அக்ரிலிக் ஓவியம்தான். இரண்டு விநாடியில் தெறித்து அடங்கிவிடும் தண்ணீரை வரைய அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் வரைந்தது கூரைக்குக் கீழே. காற்றும் மணலும் அடிக்கும் கரையில் நிற்பவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் தட்டில் இருக்கும் வண்ணம் தோல் கட்டிவிடும்.

தேரி

கடலை வரையப் போகிறவர் முதலில் கடலுக்கு முதுகைக் காட்டிப் போக வேண்டிய ஊர் திருச்செந்தூர். மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால் சிறிது தூரத்திலேயே குதிரைமொழித் தேரி தொடங்கிவிடும். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல்மேடுகள். முகடுகளில் காற்று இழுத்துவிட்டுப் போன வரிகள். அங்கங்கே பனை, உடை, கொல்லா மரம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் மட்டும் சுனையின் தயவில் பச்சை அடர்ந்து நிற்கிறது. சிவப்புக்கு நேர் எதிர் நிறம் பச்சை என்று ஓவியப் பாடத்தில் படிப்பதை இங்கே கண் கூசக் கூசப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன.

கையில் அள்ளிய மணலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் விரல்களில் செம்மை ஒட்டிக்கொள்ளும். மணியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெளிறிய குவார்ட்ஸ்தான். அதன்மேல் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தேரியின் சிவப்பு அந்தப் பூச்சு.

பையிலிருந்து பர்ன்ட் சியன்னா டியூபை எடுத்துக் கொஞ்சம் பிதுக்கி மணலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இத்தாலியின் சியன்னா நகரப் பக்கத்து மண்ணைச் சுட்டு எடுத்ததால் அந்த நிறத்துக்கு அந்தப் பெயர். மஞ்சள் மண்ணில் இருக்கும் இரும்புச் சேர்மம் சூட்டில் தன்னுள் இருக்கும் நீரை இழந்து ஹெமடைட்டாகச் சிவக்கிறது. அங்கே சூளை செய்த வேலையை இங்கே வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளில் செய்து முடித்திருக்கின்றன. டியூபில் இருப்பதும் காலடியில் கிடப்பதும் ஒரே சரக்கு. நிறத்தில் மட்டும் சிறு வித்தியாசம்: காலை வெயிலில் தேரி இன்னும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. துளி யெல்லோ ஓக்கரும் அதைவிடக் குறைவாகக் கிரிம்சனும் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நிழல்தான் ஆச்சரியம். சிவப்பு மணலில் விழும் பனைநிழல் சாம்பல் அல்ல, கறுப்பும் அல்ல. மேலே இருக்கும் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு கத்தரிப்பூ நிறத்தில் கிடக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றி நின்றார்.

“என்ன அண்ணாச்சி, வெறும் மண்ணப் போயி வரையுதிய? கடலு அங்கனல்லா கெடக்கு.”

“நாளைக்கு அங்கதான் போறேன் அண்ணாச்சி. மண்ணு நிறம் பிடிபட்டாத்தான் கடல் நிறம் பிடிபடும்.”

“மழை பெஞ்ச மறுநா வந்து பாக்கணும். ரத்தமா கெடக்கும்.”

அவர் சொன்னதில் அக்ரிலிக் வண்ணத்துக்கான ஒரு பாடம் இருந்தது. மணல் நனைந்தால் நிறம் கருக்கும், காய்ந்தால் வெளிறும். அக்ரிலிக் நேர் தலைகீழ்: ஈரமாக இருக்கும்போது வெளிறி, காய்ந்ததும் கருக்கும். ஈர நிலையில் அந்தப் பிளாஸ்டிக் துகள்கள் பால்போல் வெளுத்திருக்கும்; நீர் போனதும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும்; உள்ளே இருக்கும் நிறம் முழுதாக வெளியே தெரியும். ஆகவே ஈரமணலை வரைபவர், கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்து வைக்க வேண்டும். கரையோர ஓவியத்தில் பாதி வேலை இந்த ஒரு படியைக் கணிப்பதுதான்.

கிளம்புமுன் கையிலிருந்த தாள்கள் அத்தனைக்கும் பர்ன்ட் சியன்னாவை நீர்க்கக் கரைத்துப் பூசிக் காயவைத்தேன். தேரி வெயிலில் மளமளவென்று காய்ந்தன. மறுநாள் கடல் அந்தச் சிவப்பின் மேல்தான் ஏறப்போகிறது.

மணப்பாடு

திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகும் சாலையில் முதலில் வருவது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டிவரும் கூட்டத்தால் பேர்பெற்ற ஊர். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டபின் செய்தித்தாள்களிலும் அடிக்கடி வருகிறது. அதைத் தாண்டினால் மணப்பாடு.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்று, அதன் உச்சியில் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் கடல்நோக்கிய குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். குன்றின் மறுபக்கம் கழிமுகம். அங்கே நீர் அசையாமல் கிடக்க, கரையில் ஏற்றிவைத்த பைபர் படகுகளின் நிறமெல்லாம் அதில் தலைகீழாக விழுகிறது. குன்றின் சரிவில் ராவணன் மீசை முள்முள்ளாக நிற்கும். அடம்புக்கொடி ஊதாப் பூக்களோடு மணலை இறுக்கிப் பிடித்திருக்கும். படத்துக்கு வேண்டிய சாய்கோடு, உயரம், வெற்றிடம் எல்லாம் தயாராக அமைந்திருக்கும் ஊர்கள் அபூர்வம். இது அப்படி ஒன்று.

விடிந்த கொஞ்ச நேரத்தில் கிழக்கே பார்த்து நின்றால் சூரியன் அலைக்குப் பின்னால் இருக்கும். அப்போதுதான் அலையின் உள்ளே வெளிச்சம் நுழைகிறது. எழும் அலையின் அடிப்பகுதி தடித்திருப்பதால் அடர்ந்த நீலப்பச்சை. மேலே போகப்போக நீர் மெலிந்து, முறிவதற்குச் சற்று முன் உச்சியில் இளம்பச்சையாக ஒளிவிடும். அதன்பின் நுரை. நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டால் இந்த உள்வெளிச்சம் போய்விடும், கடல் தட்டையாகிவிடும்.

இந்த உள்வெளிச்சத்தைப் பிடிக்க அக்ரிலிக்கில் ஒரு வழி உண்டு. பச்சையோடு வெள்ளையைக் கலந்து பூசினால் அலை சுவர்போல் நிற்கும், ஒளி வராது. அதற்குப் பதிலாக, அலையுச்சி இருக்கும் இடத்தில் முதலில் வெள்ளையும் துளி மஞ்சளும் கலந்து தடிப்பாக வைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததும் தாலோ பச்சையை நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தில் கரைத்து மெல்லிய படலமாக அதன்மேல் இழுக்க வேண்டும். வெளிச்சம் படலத்துக்குள் புகுந்து அடியில் இருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும்; அலைக்குள் சூரியன் செய்வதும் ஏறத்தாழ இதுதான். எண்ணெயில் இந்த அடுக்குகளுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேரலாம். மணப்பாட்டு வெயிலில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

அதே வெயில்தான் தட்டில் வைத்த வண்ணத்தையும் காய வைக்கிறது. அதற்குத் தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்று கைகொடுக்கும். அடியில் நனைத்த துணி, அதன்மேல் பட்டர் பேப்பர், பேப்பரின்மேல் வண்ணம். கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். மூடிவைத்தால் மறுநாளும் தூரிகை போடலாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். படத்தில் அப்போது சிவப்புப் பூச்சும் அதன்மேல் இரண்டு பட்டை நீலமும் மட்டுமே இருந்தன.

“கடல்ல ஒரு வரி ஓடுது, பாத்தியளா?” என்று கையை நீட்டினார். “இந்தப் பக்கம் கலங்கல், அந்தப் பக்கம் தெளிவு. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. அந்த வரிலதான் மீனு நிக்கும்.”

கழிமுகத்து நீர் கடல் நீரோடு சேர்ந்தும் சேராமலும் கிடக்கும் விளிம்பு அது. அவர் சொன்னபிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கரைப்பக்கக் கடலுக்கு ஓக்கர் சேர்ந்த பச்சை, வரிக்கு அப்பால் அல்ட்ராமரைன் என்று பிரித்து வைத்ததும் படத்தில் தூரம் வந்துவிட்டது. நீலத்துக்கு இடையே விட்டுப்போன சிறு சந்துகளில் முந்தின நாள் பூசிய சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் நீலம் வெறும் நீலமாக இருந்திருக்கும். சூடான ஒரு நிறம் அடியில் இருப்பதால்தான் மேலே இருக்கும் குளிர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது.

தூரிகை கழுவிய தண்ணீரைக் கடலில் ஊற்றக் கூடாது. நிறம் கலந்த அந்த நீர் நுண்பிளாஸ்டிக் நீர். ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்துப் போய்த் தெளியவிட்டு, அடிக்கசடைக் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டால் பாட்டிலுக்குப் போவதே குறைந்துவிடும். பையின் கனம் கூடும்தான். வலையை உலர்த்திக்கொண்டிருப்பவர் முன்னால் நின்று வண்ணத் தண்ணீரை அலையில் கொட்ட எப்படி மனம் வரும்?

உவரி தாண்டி

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் கரையில் நிற்கிறது. ‘ஆழிசூழ் உலகு’ எழுதிய ஜோ டி குருஸ் பிறந்த ஊர். அங்கே வரைவதைவிடப் பேச்சுக் கேட்பதே எனக்கு அதிகம் வாய்த்தது. அதன்பின் கூடங்குளத்து அணுஉலைக் கட்டடங்களும் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளும் கன்னியாகுமரி வரை உடன் வருகின்றன.

குமரியில் எல்லாரும் சூரியனைப் பார்க்க நிற்கும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் போனேன். கிளிஞ்சல் மாலைக்கும் பாசிமணிக்கும் நடுவே சிறுசிறு பாலிதீன் பொட்டலங்களில் மணல் விற்கிறார்கள்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று நிறம்வாரியாக. குமரித் தேவியின் நின்றுபோன கல்யாணத்துக்காகச் சேர்த்த அரிசியும் தானியங்களும் மணலாகிவிட்டன என்று கதை சொல்லி விற்கிறார்கள். கதை அழகு. பொட்டலத்துக்குள் இருக்கும் சேதியும் அதற்குச் சளைத்ததல்ல: சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் அரிபட்டு, ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்த்த தாதுக்கள். கடைக்காரரின் பலகை ஒரு வண்ணத்தட்டு மாதிரியே இருந்தது.

முட்டமும் மணவாளக்குறிச்சியும்

குமரி தாண்டி மேற்குக் கரைக்குத் திரும்பினால் வெளிச்சம் மாறிவிடும். மணப்பாட்டில் காலையில் கிடைத்த அலையின் உள்வெளிச்சம் முட்டத்தில் மாலையில் கிடைக்கும். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-இல் வந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பார்த்த பாறைகள் இவை. பின்னால் செம்மண் மேடு, மேலே கலங்கரை விளக்கம், கீழே அலை மோதும் கரும்பாறைகள்.

இந்தப் பாறைகளுக்கு டியூபிலிருந்து கறுப்பைப் பிதுக்கினால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் வருவது மூச்சுவிடும் கறுப்பு. நிழல்பக்கம் நீலத்தைக் கூட்டலாம், வெயில்பக்கம் அம்பரைக் கூட்டலாம். நுரையும் வெள்ளை அல்ல. மாலையில் பாறை நிழலில் விழும் நுரை சாம்பல் கலந்த ஊதா. வெயில் படும் நுனி மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை. அந்த நுனியைக் கடைசியில், நாலைந்து தொடுகைகளில் வைத்து நிறுத்திவிட வேண்டும்.

பாறைகளைத் தாண்டிக் கடியப்பட்டணம், சின்னவிளைப் பக்கம் நடந்தால் மணலில் கறுப்புக் கோடுகள் தெரியத் தொடங்கும். ஓர் அலை ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்தேன். ஏறும்போது எல்லா மணலையும் கலக்கிக்கொண்டு வருகிறது. இறங்கும்போது இலேசான குவார்ட்ஸ் மணலை இழுத்துப் போகிறது. கனமான கறுப்பு மணிகள் பின்தங்கி விசிறிபோல் படிகின்றன. அடுத்த அலை அந்த விசிறியின் மேல் இன்னொன்றை விரிக்கிறது. விசிறிகளின் ஓரத்தில் கார்னெட்டின் மெல்லிய செந்நீலச் சாயல். தங்கம் அரிப்பவர் தட்டில் செய்யும் வேலையைக் கடல் ராப்பகலாகச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கறுப்பு மணலின் அருமையை உலகம் அறிந்ததற்குக் கயிறு காரணம். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இன்று அங்கே நடுவண் அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கிறது. காந்தத்துக்கு இழுபடும் இல்மனைட் ஒரு பக்கம், இழுபடாத சிர்கான், ரூட்டைல் ஒரு பக்கம்.

இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. அதன் கறுப்புக்குக் காரணம் இரும்பு. கந்தக அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கிச் சுட்டெடுத்தால் மிஞ்சுவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. தூய வெள்ளை. பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் இதற்கென்று 1946-இல் நிறுவிய ஆலை இருக்கிறது. பெயின்ட், காகிதம், பற்பசை, மாத்திரை எதுவானாலும் வெள்ளைக்கு இன்று இதுதான். ஓவியர்களும் நச்சான ஈய வெள்ளையை விட்டு இதற்கு மாறினார்கள். என் கையிலிருந்த டைட்டானியம் வெள்ளை டியூபைத் திருப்பினால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பி.டபிள்யூ. 6 என்று அச்சிட்டிருக்கும். உலகத்தின் எந்த நிறுவனம் செய்தாலும் இந்தப் பொடிக்கு அந்த எண்தான்.

ஈரக் கறுப்பு மணலில் மாலை வெளிச்சம் விழுந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அந்த வழுக்கலை வரைய வெள்ளை வேண்டும். கறுப்பு மணலின் பளபளப்பைக் கறுப்பு மணலிலிருந்தே பிறந்த வெள்ளையால் வைத்தேன். தேரிச் சிவப்புக்கு இரும்பு ஆக்ஸைடு, இந்த மினுக்கத்துக்கு டைட்டானியம் ஆக்ஸைடு என்று பையில் இருந்ததும் கரையில் கிடந்ததும் மறுபடி ஒன்றாயின.

அருகில் மீன்கூடையோடு நடந்துபோன அம்மா நின்று பார்த்தார். “மணல வரைஞ்சிட்டுப் போறது நல்லதுதான். அள்ளிட்டுப் போனாத்தான் கடலு வீட்டுக்குள்ள வந்துரும்” என்றார். தாதுமணல் என்றால் இந்தக் கரையில் வேலை, வருமானம், கடலரிப்பு, கதிரியக்கம் பற்றிய பயம் எல்லாம் ஒன்றாகப் பேச்சில் வரும். தென்மாவட்டங்களில் தனியார் மணல் அள்ளியதன்மேல் எழுந்த புகார்களை அடுத்துத் தமிழக அரசு 2013-இல் அதை நிறுத்தியது. டியூபின் பின்பக்கத்தில் நிறப்பொடியின் எண் இருக்கிறது. மணல் எடுத்த கரையின் பெயருக்கு அங்கே இடமில்லை.

வெள்ளையைச் சிக்கனமாகப் பயன்படுத்து என்று ஓவிய ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வார்கள். வெள்ளை கூடினால் நிறங்கள் சுண்ணாம்படித்ததுபோல் வெளிறிப் படம் செத்துவிடும் என்பது அவர்கள் காரணம். அது சரியான காரணம். இந்தக் கரையைப் பார்த்து வந்தவருக்கு இரண்டாவது காரணமும் சேர்ந்துகொள்ளும்: அந்த வெள்ளை எங்கோ ஒரு கரையில் அலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடந்த மணல். ஆகவே இங்கே வரையப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனைதான் உண்டு. முதல் நாள் தேரிக்குப் போய்த் தாளுக்குச் சிவப்புப் பூசுங்கள். நீலமும் பச்சையும் தாராளமாக எடுங்கள். வெள்ளை டியூபைக் கடைசி வரை மூடியே வைத்திருங்கள். திறக்கும்போது பட்டாணி அளவு போதும்.